அழுக்குத் தெரியாத விரிப்பு

அந்த வீட்டுக் கூடத்தைக் கூடம் என்று சொல்வது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அது நாலு ரோடு சந்திப்பு. சமையலறைக்குப் போனாலும், மாடிப்படி ஏறினாலும், குளியலறைக்கு ஓடினாலும், மூலையில் இருக்கிற பெரியவரின் சின்ன அறைக்குள் நுழைந்தாலும் கூடத்தின் நடுவே நடந்துதான் தீரவேண்டும். லாரி ஓட்டும் வீட்டுக்காரர் டீசல் வாடையோடு வந்து காலை நீட்டுவது அங்கேதான். பெரிய பெண் வீட்டுப்பாடம் எழுதுவதும், பையன் பந்தை உதைத்துத் திட்டு வாங்குவதும், கடைக்குட்டி பாலைக் கொட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வதும் அங்கேதான். போதாக்குறைக்கு, மாடியில் குடியிருக்கும் நாத்தனாரின் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வந்து இறங்குவார்கள்.

அங்கே கிடந்த பழைய விரிப்பு எப்போதோ உயிரை விட்டிருந்தது. நடுவில் நூலெல்லாம் தேய்ந்து வலை மட்டும் மிச்சம். ஒரு முனை சுருண்டு மேலே தூக்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் வாரப் பார்த்தது. ஒருநாள் அது பெரியவரின் கால் கட்டைவிரலைப் பிடித்துவிட்டது. தடுமாறிக் கதவைப் பற்றிக்கொண்டு தப்பினார். அவர் மகள், லாரிக்காரரின் மனைவி, அன்றைக்கே அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

"எங்கப்பா விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நீயா வந்து பாப்ப?" என்று அந்த விரிப்பையே கேட்டாள். அது பதில் சொல்லவில்லை.

தெருவில் அவளை லாண்டரியக்கா என்பார்கள். ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் மூட்டை மூட்டையாகத் துணி அனுப்பும் பெரிய சலவை நிலையத்தில், கறை பிரிக்கிற மேசை அவளுடையது. ஒரு படுக்கை விரிப்பைக் கையில் எடுத்தால் போதும், இது டீ, இது மருந்து, இது அழுதபோது கரைந்த கண்மை என்று பிரித்துத் தள்ளிவிடுவாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ எந்தக் கறையாலும் முடியாது. அந்தக் கண்ணை நம்பித்தான் அவள் கெட்டாள் என்று இப்போது சொல்லலாம். அப்போது யாருக்குத் தெரியும்?

விரிப்புக் கடைக்குப் போகும்போது அப்பாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அம்மா போன பிறகு அவர் மகள் வீட்டோடுதான் இருந்தார். மறதி மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் மூக்குக்கண்ணாடி வைத்த இடம் மறந்தது, பிறகு தெரு மறந்தது, பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. கரண்டியைக் காட்டி "அது, அது" என்பார். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனாலும் மகளை மட்டும் சிறுவயதில் கூப்பிட்ட மாதிரியே "குருவி" என்று கூப்பிடுவார். அது மட்டும் தவறவே இல்லை.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது புசுபுசுவென்று நாய்க்குட்டி மாதிரி இருந்தது. "கால் வெச்சா அப்படியே அமுங்கும், பாருங்கம்மா."

"கால் அமுங்கினா சரி. சோத்துப் பருக்கையும் சேந்து அமுங்குமே, அதை யார் எடுக்கறது?" என்று அவள் தள்ளிவைத்தாள்.

சணல் விரிப்பு வந்தது. ஈரம் பட்டால் அதற்கு வாடை வந்துவிடும் என்று ஒதுக்கினாள். கம்பளி வந்தது. அதன் விலையைக் கேட்டதும் அது தானாகவே ஒதுங்கிக்கொண்டது. பிறகு இயந்திரத்தில் நெய்த குட்டை இழை விரிப்புகள் பக்கம் போனாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தாள். நெருக்கமாக நெய்திருக்கிறதா என்று மடித்துப் பார்த்தாள். ஓரத் தையலை நகத்தால் கிளறினாள். கடைசியில் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, சாயம் ஒட்டுகிறதா என்று பரபரவென்று தேய்த்தாள். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"போலீஸ்ல வேலையாம்மா உங்களுக்கு?"

"இல்லங்க, லாண்டரி."

"அது அதைவிட மோசம்" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் இரண்டு தேறின. நெசவு ஒன்றுதான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று பிஸ்கட் நிறத்தில் வெறுமையாக இருந்தது. மற்றது சாம்பல் நிறம். அதன் நடுவில் பெரிய கறுப்பு வட்டம், வட்டத்தைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு வளையம். இரண்டும் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. பிஸ்கட் நிறத்தில் டீ தெரியும், டீசல் தெரியும், பேனா மை பல்லைக் காட்டும். கறுப்பு வட்டத்தில் ஊரே வந்து கொட்டினாலும் ஒன்றும் தெரியாது. அவளுக்கு யோசிக்கவே வேலையில்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்று அப்பாவைக் கேட்டாள்.

பெரியவர் தொங்குகிற விரிப்பின் கறுப்பு வட்டத்தை மாட்டின் முதுகைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு குருவி" என்றார். அதற்குமேல் என்ன வேண்டும்? வழுக்காமல் இருக்க அடியில் போட ஒரு ரப்பர் துண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். அப்பா இனி தடுக்கி விழமாட்டார் என்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பெரியவர் வேலையில் இருந்த காலத்தில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. எல்லாருக்கும் அவர் "சுத்திப்போங்க"தான். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களைப் பழுது பார்க்கும் துறை அது. மற்றவர்கள் இரும்பு மூடியைத் திறந்து உள்ளே இறங்குவார்கள். இவர் மேலே நிற்பார். திறந்த குழியின் ஓரத்தில் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் "பாத்து, சுத்திப் போங்க" என்று திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நிற்பதற்கு ஒரு சம்பளமா என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணுகிறவர்கள் வெயிலில் அரைநாள் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வேன். அவர் நின்ற குழியில் ஒரு நாய்க்குட்டிகூட விழுந்ததில்லை.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நிற்கிறவன், மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது. வந்தால் மட்டும் போதாது. வந்தவன் குழியைப் பார்த்துவிட்டு, "நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால்தான் நிற்கிறவன் கால் நகரும். தலையாட்டினால் செல்லாது. பெரியவர் இதில் ரொம்பக் கறார். மாற்று ஆள் வராத நாளில் பட்டினியாகவே நிற்பார்.

குருவி பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். அவர் தூக்குவாளியைத் தொடமாட்டார். உடனே அவள் பையை இறக்கிவைத்துவிட்டு, குழிக்குப் பக்கத்தில் போய்க் கையை விரித்து நின்றுகொண்டு, "நான் பாத்துக்கறேன்ப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுவார். கண் மட்டும் குழியைவிட்டும் அவளைவிட்டும் அகலாது. பெரியவர்களையெல்லாம் "சுத்திப் போங்க" என்று விரட்டுவதில் அவளுக்கு அப்படியொரு குஷி.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாத கதையா என்ன? தெரியும். தெரிந்த கதை உரிய நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, அதுதான் கொடுமை.

விரிப்பைக் கூடத்தில் விரித்த அன்று வீடே கூடி நின்று பார்த்தது. சாம்பல் நிறத் தரைக்கும் அதற்கும் அவ்வளவு பொருத்தம். விரிப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, நடுவிலிருந்த வட்டம் மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. பெரியவர் கையில் டீ டம்ளரோடு தம் அறையிலிருந்து வந்தார். நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கடைக்குட்டி ஓடிவருவதைப் பார்த்து, "ஏய், ஏய்! சுத்திப் போ!" என்று ஒரு சத்தம் போட்டார். குழந்தை பயந்து அழுதது.

"புதுசு இல்லையா, அதான் யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னு பாக்கறாரு" என்றார் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிவாகிவிட்டது. தாத்தா கார்பெட்டுக்குக் காவல் இருக்கிறார் என்று பிள்ளைகள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இழுத்துவந்து வட்டத்தைச் சுற்றி வைப்பார். மகள் வேலையிலிருந்து வந்து அவற்றையெல்லாம் திருப்பி வைப்பாள். மறுநாள் மறுபடி நாற்காலிகள் வட்டத்தைச் சுற்றி நிற்கும். குளியலறைக்குப் போகவேண்டுமென்றால் சுவரைத் தடவிக்கொண்டு கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் சுவரோரம் நின்றபடியே இருப்பார். உட்காரச் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார்.

"அப்பா, மேல நடங்கப்பா. உங்களுக்காகத்தானே வாங்கினேன். நடக்க நடக்க ஒண்ணும் ஆகாது, நான் தேய்ச்சே பாத்துட்டேன்."

அவர் வட்டத்தைக் காட்டி, "அது... அது..." என்றார். அவருக்குச் சொல் வரவில்லை.

"கடையில நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப என்ன அது, இது?"

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வேலைக்கு நேரமாகிவிட்ட காலை அது. அவர் குளிக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து நேராக நடுவே இழுத்தாள். அவர் உடம்பு விறைத்தது. அவள் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்கு ஓடினாள். பேருந்தில் தோள் எரிந்தது. பெரியவர்களுக்குப் பிடிவாதம் வந்தால் சின்னப்பிள்ளைகள் தேவலை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லவும் செய்தாள்.

விஷயம் கைமீறிப்போனது ஒரு சாயங்காலத்தில். கடைக்குட்டி பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய் வட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். அறையிலிருந்து வெளியே வந்த பெரியவர் அலறினார். அவர் அப்படி அலறி யாரும் கேட்டதில்லை. தடாலென்று தரையில் குப்புற விழுந்து, வட்டத்தின் ஓரத்தில் படுத்தபடியே கையை நீட்டிக் குழந்தையின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். குழந்தையின் முழங்கை மூட்டு நழுவிவிட்டது. அது வீறிட்ட சத்தத்தில் மாடியிலிருந்து நாத்தனார் ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் மூட்டைச் சரியாக்கி அனுப்பினார்கள். பெரிய காயமில்லை. ஆனால் வீடு திரும்பியபோது, முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து சுவரோரம் நின்ற பெரியவர், குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"வந்துட்டா. மேல வந்துட்டா" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மகளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஒரு கார்பெட்டுக்காகப் பிள்ளை கையை ஒடிக்கப் பாத்துட்டு இளிக்கறீங்களே! நீங்க மனுஷன்தானா?" என்று கத்தினாள். அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிரிப்பு நிற்கவில்லை. ஒரு தடவை எட்டிக் குழந்தையின் தலையைத் தொடப் பார்த்தார். அவள் குழந்தையை விலக்கிக்கொண்டாள்.

வேறு வழி தெரியவில்லை. தம்பிக்குப் போன் பண்ணினாள். அவன் வீடு பக்கத்து ஊரில். பிள்ளைகள் இல்லாத வீடு, சத்தமும் இருக்காது. கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். தம்பி வாடகைக் காரோடு வந்து நின்றான். பெரியவர் வாசற்படியைத் தாண்டமாட்டேன் என்று நிலையைப் பிடித்துக்கொண்டார். தம்பி கெஞ்சிப் பார்த்தான். மாப்பிள்ளை தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"நான் போனா... யாரு... யாரு நிப்பா?" என்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இந்த நேரத்திலும் கார்பெட்தானா! "நான் பாத்துக்கறேன்ப்பா. நீங்க போங்க" என்றாள்.

உடனே அவர் பிடி தளர்ந்தது. அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாமாகவே நடந்துபோய்க் காரில் ஏறினார். இவ்வளவு சுலபமாகப் போவார் என்று யாரும் நினைக்கவில்லை.

வீட்டில் அமைதி வந்தது. பிள்ளைகள் விரிப்பின்மேல் உருண்டு புரண்டார்கள். டீ கொட்டியது, மை கொட்டியது, லாரிக்காரரின் பாதம் பதிந்தது. எதுவும் தெரியவில்லை. அவள் தேர்வு அப்படி. நாற்காலிகளும் தத்தம் இடத்திலேயே இருந்தன. வேலையிலிருந்து வந்ததும் அவள் கை பழக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடிக்கும், திருப்பி வைக்க ஒன்றும் இருக்காது.

தம்பி அடிக்கடி போன் பண்ணினான். "அக்கா, அப்பா உட்கார மாட்டேங்கிறாரு. காலையில எழுந்ததும் வாசல் கேட் பக்கத்துல போய் நிக்கிறாரு. காலெல்லாம் வீங்கிப்போச்சு. சாப்பாட்டைக் கொடுத்தா தள்ளிவிடறாரு. குருவி, குருவின்னு உன்னைத்தான் சொல்றாரு."

"ஏக்கமா இருக்கும்டா. போகப் போகப் பழகிடும்" என்றாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். கூட்டிவரவும் பயம், விட்டுவைக்கவும் மனசில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம். மொட்டைமாடியில் ஈரத்துணியைக் காயப்போட்டு, காய்ந்ததை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கண்ணைக் கூசவைத்திருந்தன. கையில் துணி மூட்டையோடு கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். உள்ளே ஒரே இருட்டு. கண் பழகுவதற்குள், தரையின் நடுவே அவள் அதைப் பார்த்தாள்.

ஒரு குழி. துருப்பிடித்த இரும்பு வளையம் போட்ட, ஆழம் தெரியாத கறுப்புக் குழி. அதன் விளிம்பில் கடைக்குட்டி பொம்மையோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

"ஏய்! சுத்திப் போ!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். மூட்டை எங்கேயோ போய் விழுந்தது.

குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வட்டத்தின் நடுவே நடந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. கண் பழகியது. அது விரிப்பாகிவிட்டது. சாம்பல் நிறம், குட்டை இழை, நெருக்கமான நெசவு. அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கடையில் அது கம்பியில் தொங்கியது. தொங்குகிற குழியைக் கண்டு யாருக்குப் பயம்? தரையில் விரித்த பிறகுதான் அது வாயைத் திறந்திருக்கிறது. அவளுக்கு அது ஒரு நொடி. அவருக்கு அது காலையும் மாலையும், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற நேரமெல்லாம். நாற்காலி போட்டு மறித்துப் பார்த்திருக்கிறார். சுவரோரம் நின்று பார்த்திருக்கிறார். சொல் இல்லாத வாயால் சொல்லியும் பார்த்திருக்கிறார். கடைசியில் குப்புற விழுந்து, குழிக்குள் போகிற பிள்ளையை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார். அந்தச் சிரிப்பு அதற்குத்தான். அப்படிப்பட்டவரைத்தான் அவள் மனுஷன்தானா என்று கேட்டாள். அதற்கு முன்னால் ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டு நடுங்குகிற அந்த மனிதரை, திறந்த குழியின்மேல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போனாள். அவர் அவளைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேறு யாரைப் பிடிப்பார்?

வாய்விட்டு அழுதாள். வீட்டுக்காரர் ஓடிவந்து என்னவென்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. குனிந்து விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார்.

மறுநாள் அதைத் தோளில் சுமந்துகொண்டு அவள் கடைக்குப் போனாள்.

"என்னம்மா, சாயம் போச்சா?" என்று கடைக்காரர் பதறினார்.

"இல்லங்க. கார்பெட் மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு அந்த வெறும் பிஸ்கட் கலர் வேணும்."

"அதுல எல்லாம் தெரியும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"தெரியட்டும்" என்றாள். பழையதைப் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். அவள் பேரம் பேசவில்லை. அதிலேயே அவர் பயந்துபோனார், ஆளைவிட்டு விரிப்பை வீடுவரை அனுப்பிவைத்தார்.

புது விரிப்பை விரித்து, ஓரத்தைக் காலால் அழுத்திவிட்டு, அவள் பேருந்து ஏறினாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். காலில் விழ வேண்டும். என்னை மன்னிச்சிடுங்கப்பா என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூட்டிவந்து கூடத்தின் நடுவே உட்காரவைக்க வேண்டும். யோசித்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தம்பி வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். பாதங்கள் வீங்கிச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. அவளைக் கண்டதும் கையைத் தூக்கி, "பாத்து வாங்கம்மா, பாத்து" என்றார்.

"அப்பா, நான்தான்ப்பா."

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். தெருவில் போகிற யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"குருவிப்பா. உங்க குருவி வந்திருக்கேன்."

"குருவியா? அவ அங்க இருக்கா" என்று தெருக்கோடியைக் காட்டினார். தம்பி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவன் மனைவி தட்டில் சாப்பாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பெரியவர் இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி மகளாகக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஏன் ஐயா உட்கார மாட்டேங்கிறீங்க?"

"எப்படிம்மா உட்கார்றது? அவ நிக்கிறாளே. ஒத்தையா." மறந்துபோயிருந்த சொற்கள் இப்போது எங்கிருந்தோ ஒவ்வொன்றாக வந்தன. "நான் போய் மாத்திவிடணும். இவங்க விட மாட்டேங்கிறாங்க. அவ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா."

அவளால் அதற்குமேல் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவ உங்களை வீட்டைவிட்டு அனுப்பிட்டாளாமே ஐயா. கோவம் இல்லையா உங்களுக்கு?"

"யாரு சொன்னா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குக் கால் முடியல. அவதான் வந்து மாத்திவிட்டா. நான் பாத்துக்கறேன்னு வாய்விட்டுச் சொன்னா. சொன்னா நகர மாட்டாம்மா அவ. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் காலில் விழ வந்தவள். எந்தத் தவறுக்கு விழுவது? அவர் கணக்கில் அவள் தவறே செய்யவில்லை. அவளை மன்னிக்க வேண்டிய மனிதருக்கோ அவளை யாரென்றே தெரியவில்லை.

"ஐயா, நான் அங்கேயிருந்துதான் வர்றேன்" என்றாள். "மூடி போட்டாச்சு."

அவர் கழுத்து சட்டென்று திரும்பியது. "போட்டாச்சா?"

"போட்டாச்சு. என் கண்ணாலேயே பாத்தேன்."

"பசங்க?"

"எல்லாரும் மேலதான் இருக்காங்க. ஒருத்தரும் விழல."

"குருவி?"

"உட்கார்ந்துட்டா ஐயா. சாப்பிட உட்கார்ந்துட்டா."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையைப் பின்னால் நீட்டி நாற்காலியைத் துழாவினார். அவள் அதை நகர்த்திப் பிடித்தாள். மெல்ல மெல்ல, முழங்கால் ஒவ்வொன்றாக மடிந்து, உட்கார்ந்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

அவள் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரு வாய் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"நீங்க சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.